எல்லோருக்கும் முழு அனுமதி

வலையமைப்புப் பட்டியலில் இரண்டு கணினிகள் தெரிந்தன. வீட்டில் இருந்தது ஒன்றுதான்.

மற்றது தக்ஷாயினியின் மடிக்கணினி. முப்பது நாட்களுக்கு முன் தோணி கவிழ்ந்தபோது அது அவளுடைய தோள்பையில் இருந்தது. மறுநாள் அவள் உடலை வாவியிலிருந்து எடுத்தார்கள். பை கிடைக்கவில்லை.

உதயரூபன் அந்தப் பெயரையே பார்த்தபடி இருந்தான். மாரி மழை மூன்றாம் நாளாகக் கூரையில் இரைந்துகொண்டிருந்தது. மாலை நான்கு மணிக்கே அறை இருண்டுவிட்டது. வேலி வரை ஏறிவிட்ட வாவியின் சேற்று வாசனை, சாத்திய யன்னலையும் மீறி, காயாத துணிகளின் வாசனையோடு கலந்து வந்துகொண்டிருந்தது. அவன் மனைவி தக்ஷாயினியின் குரல் முழுவதும் அந்தக் கணினியில்தான் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காக அவள் பதிவு செய்த பாடங்கள். அவனிடம் ஒன்றுகூட இல்லை. ஒருமுறை கேட்டால் போதும்.

பெயரை அழுத்தினான். ‘உங்களுக்கு அனுமதி இல்லை. உரிமையாளரைக் கேளுங்கள்.’

நகரத்தில் கணினி திருத்தும் நண்பன் நிலோஜனுக்கு அழைப்பு எடுத்தான். எந்தக் கணினி என்று சொல்லவில்லை.

“நிப்பாட்டின கம்பியூட்டர்ட பேரும் கொஞ்ச நேரம் காட்டும் மச்சான். ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டுப் பார்.”

“பார்த்திட்டன். திரும்ப வருது.”

“அப்ப அது ஓடுது. நீ உன்ட வாசலைப் பூட்டிப்போட்டு ஆக்கள்ட கதவத் தட்டுறாய்.” நிலோஜன் சிரித்தான். “ஒரு ஃபோல்டரத் திறந்து, எல்லாருக்கும் முழு அனுமதி குடு. அங்கால இருந்து அனுப்பட்டும்.”

கொடுத்தான்.

அழைப்பு முடிவதற்குள் கோப்புறையில் ஒரு ஒலிக்கோப்பு வந்திருந்தது. அதன் பெயர் ‘வாறன்.’

அவன் விரல் நின்றது. மயானத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, வேலைக்குப் புறப்படும் காலைகளின் பழக்கத்தில், அவளிடம் “வாறன்” என்று சொல்லிவிட்டான். இழவில் எவரும் அப்படிச் சொல்லிப் புறப்படுவதில்லை. மாமி ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினார். சொல் அதற்குள் வெளியே வந்துவிட்டது.

கோப்பை அழுத்தினான். தண்ணீர். ஆழத்தில் தண்ணீர் நகரும் சத்தம். பிறகு அவள்.

“இஞ்சேருங்க. வாறன் எண்டீங்க. பாத்துக்கொண்டே கிடந்தன்.”

இரண்டாவது கோப்பு வந்தது. மழை. கேற்றின் கொளுக்கி கழலும் சத்தம்.

யன்னலால் பார்த்தான். கேற் திறந்திருந்தது. முற்றத்தில் யாரும் இல்லை.

அனுமதியை நீக்கப் போனான். ‘உங்களுக்கு அனுமதி இல்லை.’ உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர்.

மின்சாரம் போனது. ரவுட்டரின் பச்சை விளக்கு அணைந்தது. அப்படியும் மூன்றாவது கோப்பு வந்தது. அதுவாகவே ஒலித்தது. இந்த அறையின் சுவர்க்கடிகாரம். ஒரு மூச்சு. வேகமான மூச்சு.

அவனுடையது.

தன் மடிக்கணினியை அறைந்து மூடினான்.

இருட்டு விழவில்லை. முன்சுவரில் அவன் நிழல். முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னொரு திரையின் நீல வெளிச்சம். சொட்டு. சொட்டு. நிழலின் தோளுக்கு மேல் இன்னொரு தலை, ஈரக் கூந்தல் தொங்க, குனிந்தது.

“வந்திட்டன். எழும்புங்க, போவம்.”

சுவரில் அவனுடைய நிழல் எழுந்து நின்றது.

அவன் இன்னும் கதிரையில் அமர்ந்திருந்தான்.