ஆணியில் தொங்கிய கடிதம்

காப்பாளர் அம்மாள் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள். சாவிக்கொத்தை எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள். காலையில் கலைக்கூடத்தைத் திறந்தபோது மாடி அறைச் சுவரில் படம் இல்லை. ஆணியில் ஒரு கடிதம்தான் தொங்கியது. நாலு மணிக்குக் கலைக்கூட நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்குள் படம் கிடைக்காவிட்டால் இருபத்திரண்டு வருட வேலை போய்விடும், திருடி என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

எல்லோரும் ‘நிதானம்’ என்று கூப்பிடும் அந்தத் துப்பறிபவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவள் சொல்வதைக் கேட்டார். உதவிக்கு இருக்கும் அவருடைய மச்சானோ அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டாயிற்று.

ஒரு செல்வந்தர், தான் சேர்த்த ஓவியங்களை வீட்டோடு நகரத்துக்கு எழுதிவைத்து உருவான கலைக்கூடம் அது. காணாமல் போனது, மறைந்துவிட்ட அவர் மனைவியின் உருவப்படம். அடுத்த வாரம் அது பத்து வருடத்துக்கு இரவலாக வேறு நகரத்துக் கலைக்கூடத்துக்குப் போகவிருந்தது. பூட்டு உடையவில்லை. சாவி இருந்தது இரண்டே பேரிடம்: இவளிடமும் இயக்குநரிடமும். இயக்குநர் செல்வந்தருடைய தம்பி மகன், தாயில்லாமல் அந்த வீட்டிலேயே வளர்ந்தவர். அவரைச் சந்தேகிக்க யாருக்கு மனசு வரும்? அதுவும், செல்வந்தர் மனைவியின் கையெழுத்திலேயே ஆணியில் அந்தக் கடிதம் தொங்கும்போது.

“என் நாத்தனார் மகனுக்கு, என் படம் உனக்குத்தான். வேண்டும்போது எடுத்துக்கொள். அன்புடன், பெரியம்மா.”

அந்த நாத்தனார் மகன் ஓவியம் விற்பவன். பழிபோட வசதியான ஆள். அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது காப்பாளர்தான் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

அவன் கடையைச் சோதித்தால் படம் சிக்கிவிடும் என்று மச்சான் துள்ளினார். நிதானம் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வரும்படி மச்சானை அனுப்பினார்.

மூன்றரை மணிக்கு மாடி அறையில் எல்லோரும் கூடினார்கள். காப்பாளரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மச்சான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். படத்தில் இருக்கும் அம்மாளை நாத்தனார் மகன் எப்படிக் கூப்பிடுவான் என்பதுதான் கேள்வி.

“அத்தைன்னுதான் கூப்பிடுவானாம். வேற எப்படிக் கூப்பிடுவாங்கன்னு என்னையே திருப்பிக் கேக்கறான்.”

நிதானம் தலையசைத்தார். “எல்லாரும் கையெழுத்தைப் பாத்தீங்க. எழுதியிருக்கறதைப் பாக்கல. மாமன் பொண்டாட்டி அத்தை. அவங்க அவனுக்கு எழுதினா ‘அத்தை’ன்னுதானே முடிப்பாங்க? வேலைக்காரங்களுக்கு அவங்க அம்மா. அவங்களைப் பெரியம்மான்னு கூப்பிட்டது இந்த வீட்டுல ஒருத்தர்தான்.”

இயக்குநர் சுவரில் சாய்ந்துவிட்டார். அவருக்கு எழுதப் பழக்கியதே அந்தப் பெரியம்மாதான். கையெழுத்தில் வித்தியாசம் எங்கிருந்து வரும்? படம் அவர் அறை அலமாரிக்குப் பின்னால் இருந்தது.

“பத்து வருஷம் பாக்காம இருக்க முடியல. என்னை வளத்தவங்க. கை தானா பெரியம்மான்னு எழுதிடுச்சு.”

காப்பாளருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“உங்களுக்கு அவங்க பெரியம்மா, சரி. நான் உங்களுக்கு யாருமில்ல. அதுக்காக என்னைத் திருடி ஆக்கிடலாமா?”

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் படத்தை எடுத்து வந்து, முந்தானையால் தூசியைத் துடைத்து, ஆணியில் மாட்டினாள். பிறகு அவரிடம் கையை நீட்டினாள்.

“உங்க சாவியைக் குடுங்க.”

அதையும் கொத்தில் கோத்துக்கொண்டாள். இந்தத் தடவை எண்ணவில்லை.