மஞ்சள் கம்பளி

செருப்பின் உள்ளே சூடாக இருந்தது.

குழந்தைகள் இல்லத்தின் வாசலில் பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, வருகிறவர்களுக்கென்று பலகையில் அடுக்கியிருந்த துணிச் செருப்புகளில் தன் அளவுக்கு ஒரு ஜோடியைத் தேடி எடுத்து ஒர்னெல்லா காலை நுழைத்தாள். மலையடிவாரத்து டிசம்பர் குளிரில் கட்டடமே விறைத்துக் கிடக்க, அந்த ஒரு ஜோடி மட்டும் யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்ட மாதிரி, குதிகால் படும் இடத்தில் லேசான ஈரத்தோடு, கதகதவென்று இருந்தது. பக்கத்து ஜோடியைத் தொட்டுப் பார்த்தாள். அது பனிக்கட்டியாகச் சில்லிட்டது.

ஆயா பெங்கா சூப் குண்டானைத் தூக்கிக்கொண்டு நடையில் வந்தாள். ஒர்னெல்லாவைப் பார்த்ததும் நின்று சிரித்தாள்.

"திரும்பவும் வந்துட்டியாம்மா? இப்பத்தானே மாடியிலேருந்து இறங்கிப் போனே."

ஒர்னெல்லா ஒரு வருஷமாக மாலை வகுப்புக்குப் போய் பல்கேரிய மொழி படித்தவள். அந்த மொழியின் வினைச்சொற்கள் அவளை ஏற்கெனவே பலமுறை காலை வாரிவிட்டிருக்கின்றன. இதுவும் அப்படி ஏதோ காலக் குழப்பம் என்று நினைத்துக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றான் அவள் கணவன் டிட்சியானோ. அவனுக்கு அந்த மொழியில் நன்றி சொல்வதைத் தவிர ஒன்றும் தெரியாது.

"வாங்கன்னு சொல்றாங்க," என்றாள்.

அவள் கடைசியாக இங்கே வந்தது வசந்த காலத்தில். இத்தாலியிலிருந்து தத்தெடுக்க வருகிற எல்லாரையும் போல, முதல் பயணத்தில் சில நாள் குழந்தையோடு விளையாடி, சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டு, கோர்ட் வேலைகள் முடியும்வரை தன் ஊரான பெராராவில் போய்க் காத்துக்கிடந்தாள். இது இரண்டாவது பயணம், குழந்தை ராலிட்சாவைக் கையோடு கூட்டிப்போகிற பயணம். நடுவில் ஒருநாள்கூட அவள் இந்த ஊருக்கு வரவில்லை.

முதல் பயணத்துக்கு முன்னால் தத்து ஏஜென்சியின் மனநல ஆலோசகி ஒரு வழி சொல்லியிருந்தாள். ஒரு கம்பளி வாங்குங்கள், துவைக்காமல் ஓரிரு வாரம் போர்த்திக்கொண்டு தூங்குங்கள், குழந்தையிடம் விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் வாசனை பழகிவிட்டால் அடுத்த தடவை புது ஆளைப் பார்த்து அழாது. எல்லாத் தம்பதிகளும் செய்வதுதான். ஆனால் ஒர்னெல்லாவுக்கு ஓரிரு வாரம் போதவில்லை. கரு தங்காத உடம்பில் அம்மாவின் வாசனை என்று ஒன்று இருக்குமா என்றே அவளுக்குச் சந்தேகம். குளிர்காலம் முழுக்க அந்த மஞ்சள் கம்பளியோடு படுத்தாள். காய்ச்சலில் வியர்த்தபோதும் அதுதான், அழுதபோதும் அதுதான். கணவன் தூங்கியதும் அதில் வாயைப் புதைத்துப் பேசினாள். என் சுண்டெலி, ஜன்னலைச் சாத்திட்டேன், நரி வராது, தூங்கு. பேச்சை முடிக்கும்போது ஒவ்வொரு ராத்திரியும் கம்பளியிடம் தனியாக ஒன்று கேட்டுக்கொண்டாள். நான் இல்லாத நாளெல்லாம் எனக்குப் பதிலா நீ அவகூட இரு. ஆலோசகி நாள் கணக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாள், கம்பளியிடம் என்ன பேசலாம் பேசக்கூடாது என்று சொல்லவில்லை.

அதை இங்கே விட்டுவிட்டு வீடு திரும்பிய அன்று, வளர்ப்பு நாய் நெபியா அவள் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, டிட்சியானோவின் காலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் அவளிடம் வரவே இல்லை. சோப்பை மாற்றிப் பார்த்தாள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் டிட்சியானோகூடச் சொன்னான், பக்கத்தில் ஆளே இல்லாத மாதிரி இருக்கிறதென்று. அவள் திரும்பிப் படுத்து ஓசையில்லாமல் அழுதாள்.

விளையாட்டு அறையில் நிலக்கரிப் புகையும் வேகவைத்த முட்டைக்கோஸும் கலந்த வாசனை. ராலிட்சா தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான்கு வயதுக் குழந்தை. வசந்தத்தில் பார்த்தபோது எலும்பும் தோலுமாக இருந்தவள், இப்போது கன்னம் உப்பி, நிறம் ஏறி, நன்றாகக் கவனிக்கப்பட்ட பிள்ளையாக இருந்தாள். ஒர்னெல்லா மண்டியிட்டுக் கைகளை நீட்டினாள். குழந்தை எழுந்து வந்து, அவள் மணிக்கட்டில் மூக்கை வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தது. பிறகு மரியாதையாக, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து விலகுகிற மாதிரி, ஓரடி பின்வாங்கியது.

நெபியாவும் அப்படித்தான் விலகியது.

குழந்தையின் தலைமுடி நான்கு கால் எடுத்துப் பின்னப்பட்டிருந்தது. ஒர்னெல்லா தனக்குப் பின்னிக்கொள்கிற பின்னல் அது. நுனியில் மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே செருகும் பழக்கமும் அவளுடையதுதான்.

"யாரு பின்னிவிட்டது?" என்று பெங்காவிடம் கேட்டாள்.

"என்னம்மா கேலி பண்றே? எனக்கு மூணு கால் பின்னலே ஒழுங்கா வராது."

அதற்குள் ராலிட்சா ஒரு துணிப் பொம்மையைக் கட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்து அதன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிக்கொண்டே இத்தாலிய மொழியில், பெராராத் தெருக்களின் இழுவையோடு, மெல்லச் சொன்னாள். "என் சுண்டெலி, ஜன்னலைச் சாத்திட்டேன், நரி வராது, தூங்கு."

டிட்சியானோவுக்கு முகமெல்லாம் பல். "கேட்டியா? நம்ம ஊர் பேச்சு. யாரு சொல்லிக் கொடுத்தது? நீதானே?"

அந்த வார்த்தைகளை ஒர்னெல்லா கம்பளியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

இல்லத்தின் தலைவி ஸ்தொயானோவா உள்ளே வந்தார். கோர்ட்டில் எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் குழந்தை தானாக மனமிசைந்து போனால்தான் அவர் விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார். முன்பொரு பையனை அழ அழக் காரில் ஏற்றி அனுப்பி, சில மாதத்தில் அவன் திருப்பி அனுப்பப்பட்டதிலிருந்து அவருக்கு அதில் பிடிவாதம். இன்று மாலைக்குள் ராலிட்சா ஒட்டாவிட்டால் விஷயம் மறுபடி அமைச்சகத்துக்குப் போகும், அங்கிருந்து திரும்பி வராமலே போகலாம். ஏழு வருஷம் காத்திருந்த ஒர்னெல்லாவுக்கு இனி இன்னொரு குழந்தையும் கிடையாது. வயது தாண்டிவிட்டது.

அவர் குனிந்து கேட்டார். "ராலி, இவங்க உன் அம்மாதானே?"

குழந்தை ஒர்னெல்லாவை நன்றாகப் பார்த்துவிட்டுத் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

டிட்சியானோ கையைத் தட்டினான். "ஆமாங்குறா பாரு. ஆமாங்குறா."

இந்த நாட்டில் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் அசைப்பார்கள். மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. பெங்கா தரையைப் பார்த்தாள். ஸ்தொயானோவா தொண்டையைச் செருமிக்கொண்டார். அவ்வளவு பேருக்கு நடுவில் சந்தோஷப்பட்டவன் அவன் ஒருவன்தான், ஒர்னெல்லா அவனைத் திருத்தவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்," என்றார் தலைவி, அவளிடம் மட்டும்.

மதியம் மலை வெளிச்சத்தை விழுங்கத் தொடங்கியபோது டிட்சியானோ காரில் குழந்தை இருக்கையை மாட்டப் போனான். அறையில் இரண்டு பேர் மட்டும். வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் டக் டக்கென்று முனகின.

"ராலி, உன் அம்மா எங்கேடா கண்ணு?"

"மேலே."

"மேலே எங்கே?"

"என் படுக்கையில. இருட்டினா எழுந்திருப்பாங்க." குழந்தை அவள் நீல ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தது. "உங்களை மாதிரியேதான் இருப்பாங்க. ஆனா உங்க மேல வாசனையே இல்ல."

"நான்தான்டா அம்மா. அது வெறும் கம்பளி. நான்தான் அனுப்பினேன்."

"அப்ப நீங்க என்னைக் கூட்டிட்டுப் போனா அவங்க எங்கே போவாங்க?"

ஒர்னெல்லாவுக்குக் கோபம் வந்தது. குழந்தை மீது இல்லை. தான் ஈன்றதைப் போலப் பேணிய ஒன்று தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற கோபம். "அவங்க தேவையில்ல," என்றாள். "நான் வந்துட்டேன்ல. அதைத் தூக்கிப் போட்டுடலாம்."

தலைக்கு மேலே, பலகைத் தரையில், யாரோ கட்டிலிலிருந்து காலை இறக்கி வைத்தார்கள்.

இரண்டு பேருமே அண்ணாந்து பார்த்தார்கள். குழந்தை மட்டும் சிரித்தது.

மணியடித்து, பிள்ளைகளைச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனார்கள். ஒர்னெல்லா பெங்காவைப் பிடித்து நிறுத்தி, அந்தக் கம்பளியைத் துவைக்கவே இல்லையா என்று கேட்டாள்.

"எத்தனையோ தடவை, கொதிக்கிற தண்ணியில. வாசனை போகவே மாட்டேங்குது. நல்ல வாசனைதாம்மா, உன் வாசனை." சொல்லிவிட்டு அவள் பக்கம் சாய்ந்து முகர்ந்தாள். முகத்தில் சிரிப்பு மெல்ல அணைந்தது. பருப்புச் சூப்பின் ஆவிக்குள் போய்விட்டாள்.

இதை இன்றோடு முடித்துவிட வேண்டும் என்று ஒர்னெல்லா மாடி ஏறினாள். படுக்கை அறையில் விளக்கு எரியவில்லை. ஜன்னல் வழியே முற்றத்துப் பனியின் வெளிச்சம் மட்டும் நீலமாக உள்ளே கசிந்திருந்தது. வரிசையாகச் சின்னக் கட்டில்கள், எல்லாவற்றிலும் சாம்பல் நிறப் போர்வைகள், ஜன்னலை ஒட்டிய கடைசிக் கட்டிலில் மட்டும் மஞ்சள். அதன் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. குழந்தையின் அளவுப் பள்ளம் இல்லை. இடுப்பும் தோளும் உள்ள, ஒருக்களித்துப் படுத்த ஒரு பெரிய ஆளின் பள்ளம். கை வைத்தாள், சூடாக இருந்தது.

கம்பளியை வாரி எடுத்தபோது அந்த வாசனை எழுந்தது. அவளுடைய தலையணை, காய்ச்சல், காலைக் காப்பி, ஈர முடி, கழுத்து மடிப்பு. வசந்தத்திலிருந்து அவள் உடம்பில் இல்லாமல் போன அத்தனையும். ஒர்னெல்லாவுக்குத் தன்னையே தொலைத்துவிட்டுத் திரும்பக் கண்ட மாதிரி அழுகை முட்டியது. கிழிக்க வந்தவள் அதில் முகத்தைப் புதைத்தாள். படுக்கையில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் போர்த்திக்கொண்டால் போதும். வாசனை கொஞ்சம் திரும்ப ஊறிவிடும். அப்புறம் கீழே போய்க் குழந்தையைத் தூக்கலாம்.

படுத்தாள். பள்ளம் அவளுக்குச் சரியாக இருந்தது.

அறைக்கு வெளியே துணிச் செருப்பின் சத்தம். படியில் இறங்கியது. அவசரமில்லாமல்.

எழுந்திருக்க முயன்றாள். கம்பளி கனத்தது. கை வரவில்லை.

கீழே ஒரு கீச்சுக் குரல். "அம்மா." ஓடுகிற சின்னக் கால்கள். பிறகு டிட்சியானோவின் குரல், தரைப் பலகை வழியாக, தழுதழுத்து. "தூக்கு, ஒர்னெல்லா. தூக்கச் சொல்றா பாரு."

டிட்சியானோ, அது நான் இல்லை. கத்தினாள். வாயில் நூல் மட்டும் இருந்தது.

நாற்காலி இழுபட்டது. ஸ்தொயானோவா சிரித்தார். கையெழுத்துப் போடுகிறவரின் சிறிய மௌனம். மறுபடி டிட்சியானோ, யாருடைய கழுத்திலோ முகம் புதைத்துக்கொண்டு சொல்வது போல. "எத்தனை மாசமாச்சு இந்த வாசனை."

ஜன்னலின் கீழ்க் கண்ணாடியில் முற்றம் தெரிந்தது. காரின் விளக்குகள். டிட்சியானோ. அவன் பக்கத்தில் அவளுடைய கோட்டு. அவளுடைய பூட்ஸ். நான்கு கால் பின்னல். அந்தத் தோளில் சாய்ந்திருந்த ராலிட்சா இந்த ஜன்னலைத் தேடிப் பார்த்து, பழைய வீட்டுக்குப் பிரியாவிடை சொல்கிற மாதிரி கையை ஆட்டினாள். அவளைச் சுமந்தவள் திரும்பவில்லை. கதவு சாத்தப்பட்டது. கார் பனியை நசுக்கிக்கொண்டு போனது.

விளக்கு எரிந்தது. பெங்கா உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். நேராக ஒர்னெல்லாவின் கண்ணைப் பார்த்தாள், பார்வை அங்கே நிற்கவில்லை.

"அட, இதை மறந்துட்டுப் போயிட்டாங்களே."

இரண்டு மூலையைப் பிடித்து உதறினாள். ஒர்னெல்லாவின் எலும்புகள் எல்லாம் உதறின.

முதல் மடிப்பில் முழங்கால் மார்போடு அமுங்கியது. இரண்டாவது மடிப்பில் முகம் முழங்காலுக்குள் போனது. பெங்கா உள்ளங்கையால் அழுத்தித் தடவி, மூச்சை வெளியேற்றி, சதுரமாக்கி, மூக்கருகே தூக்கிப் பார்த்தாள்.

"இப்பத்தான் வாசனை சுத்தமாப் போயிருக்கு," என்று சொல்லிக்கொண்டே, மற்றப் போர்வைகளுக்கு அடியில் செருகி, அலமாரியைச் சாத்தினாள்.