திருப்பிச் சொல்கிறவள்

“ஏங்க, நீங்க சொல்றதையே உங்க பின்னாடி ஒரு பொம்பளை திருப்பிச் சொல்லிட்டிருக்காங்க. அவங்களைக் கொஞ்சம் வாய மூடச் சொல்லுங்க” என்று போனில் அந்த வாடிக்கையாளர் எரிந்து விழுந்தபோது, மாடி அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

நாத்தனாரின் வேலைதான் என்று நினைத்தாள். கணவன் வெளியூர் போனதிலிருந்து வீட்டில் இரண்டே பேர். கணவனின் அக்கா கீழே, அவள் மேலே. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. ஹாலில் இருந்த ரவுட்டரின் வைஃபை மாடிக்கு எட்டாமல் பேச்சு பாதியில் அறுந்துகொண்டே இருந்ததால், போன வாரம்தான் ஆள் வைத்து அடுப்படியில் ஒன்றும் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒன்றுமாக, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் பெட்டிகளை மாட்டினாள். அன்றிலிருந்து லேப்டாப், போன், கீழே டிவி எல்லாம் தடங்கலின்றி ஓடின. தன்னைக் கேட்காமல் சுவரில் ஆணி அடித்துவிட்டாள் என்று நாத்தனாரின் முகம் மட்டும் கடுகடுத்துக் கிடந்தது.

மழை கட்டி இருண்டிருந்த அந்த மதியத்தில் அவள் படியிறங்கினாள். ஈரச் சுவரின் பூஞ்சை வாடைக்கு நடுவே சூடேறிய பிளாஸ்டிக்கின் தீய்ந்த நெடி வந்தது. திருப்பத்தில் பெட்டியின் பச்சை வெளிச்சம் படிந்த இடத்தில், யாரோ வெகுநேரம் நின்றுவிட்டு அப்போதுதான் நகர்ந்ததுபோல, அவளே தன் தலைக்கு வைக்கும் எண்ணெயின் மணம் தேங்கியிருந்தது.

ஹாலில் நாத்தனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒட்டுக் கேக்குறதோட நிறுத்திக்கங்க அண்ணி. நான் பேசும்போது கூடவே பேசி என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க.”

“உன் வாயைப் பாத்துட்டு நிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? நீதான் காலையிலேர்ந்து அடுப்படியில நின்னு தனியாப் பொலம்பிட்டிருக்க. கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பாக்கல. அவ்வளவு திமிரு!”

“நான் காலையிலேர்ந்து கீழயே இறங்கல.”

நாத்தனார் ஏளனமாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“நான் காலையிலேர்ந்து கீழயே இறங்கல” என்றது அடுப்படி.

அவள் குரல்தான். கொஞ்சம் தேய்ந்திருந்தது.

பாய்ந்து போய் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். டிவியில் படம் உறைந்தது. வைஃபை செத்துவிட்டது. இனி எதுவும் பேசாது.

படிக்கட்டிலிருந்து இன்னும் மெலிந்த குரல் கேட்டது. “...கீழயே இறங்கல.”

அடுப்படி வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். இவள் உடுத்தியிருந்த அதே சேலை. இவள் முகம். படியில் இன்னொருத்தி. அதே சேலைதான், சாயம் வெளுத்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அழித்த கோலம்போல ஏதோ கலங்கியிருந்தது.

நாத்தனார் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதுல எவடி நீ?”

“நான்தான் அண்ணி!”

“நான்தான் அண்ணி” என்றது வாசல்.

“நான்தான் அண்ணி” என்றது படி.

அவள் நாத்தனாரின் கையைப் பிடித்தாள். நாத்தனார் அருவருப்போடு உதறினாள். ஓடினாள். வாசலில் நின்றவளைத் தன்னோடு அணைத்து அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்தது.

படியில் இருந்தது இறங்கி வந்தது. ஒரு படி. இன்னொரு படி.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அலறல் அடுப்படிக்குள்ளிருந்து வந்தது. அது அடங்கிய பிறகுதான் இவள் தொண்டையிலிருந்து அதே அலறல் வெளிவந்தது. கொஞ்சம் தேய்ந்து.