வெள்ளை டைல்ஸ்... சிவந்த முகம்!

ரிங்... ரிங்... ரிங்...

சாப்பாட்டு மேசை மேல் செல்போன் அலறியது. திரையில் ‘அண்ணன்’ என்று பெயர் மின்னியது.

எடுக்க வேண்டியவள் பத்தடி தூரத்தில்தான் இருந்தாள். குளியலறைக்குள். பளபளக்கும் புது டைல்ஸ் தரையில். தலையில் பாதி ஷாம்பு நுரையோடு...

பிணமாக!

இரண்டு தெரு தள்ளி ஓர் ஆபீஸ் கட்டடம். அங்கே லிஃப்ட் கூண்டின் தலை மேல் உட்கார்ந்திருந்த மெக்கானிக், நாலாவது முறையும் போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“எடுக்க மாட்டேங்கறா! இந்நேரம் வேலைக்குக் கிளம்பியிருக்கணுமே...”

அவனுக்கு அவளிடம் ஒரு சந்தோஷச் சேதி சொல்ல வேண்டியிருந்தது. மனசு கேட்கவில்லை. ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அந்த இரண்டாம் மாடி ஃப்ளாட்டுக்கு அவன்தான் ஓனர். அவன் வாழ்க்கையில் வாங்கிய முதல் வீடு. குடியிருப்பது அவன் தங்கச்சி. கூடப் பிறந்த தங்கச்சியாக இருந்தாலும் ஒண்ணாம் தேதி காலையில் வாடகையைக் கையில் வைத்துவிடுவாள். வேண்டாம் என்று அவன் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

மாற்றுச் சாவி போட்டுத் திறந்தான்.

“குட்டி...! ஏய் குட்டி!”

குளியலறைக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும்.

தட்டினான். இடித்தான். தோள் கொடுத்து மோதினான். தாழ்ப்பாள் பிய்ந்து கதவு திறந்தது.

எதிர் ஃப்ளாட் டீச்சரம்மா அவன் அலறலைக் கேட்டு, கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

அவன் தங்கச்சியைத் துண்டில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“முகத்தைப் பாருங்க டீச்சர்... எவ்வளவு சிவப்பா இருக்கு... உயிர் இருக்கு! ஆட்டோ கூப்பிடுங்க! சீக்கிரம்!”

டீச்சரம்மா மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

*

இன்ஸ்பெக்டர் வந்தார். பென்சில் கடிக்கும் பழக்கம் உள்ளவர். அவர் பின்னால், வாய் ஓயாத ஒரு கான்ஸ்டபிள்.

“வயசு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“முப்பத்தொண்ணு சார்,” கான்ஸ்டபிள் ஒப்பித்தார். “கண்ணாடிக் கடையில வேலை. கல்யாணமாகி, புருஷனை விட்டுப் பிரிஞ்சு ஒரு வருஷம்.”

“உடம்புல காயம்?”

“கீறல்கூட இல்லை சார். ஆனா முகம்தான்... செத்தவங்க முகம் வெளுக்கும்னு சொல்வாங்க. இந்தப் பொண்ணு என்னடான்னா வெட்கப்பட்ட மாதிரி சிவந்து கிடக்கு.”

மேசை மேல் இரண்டு டீ டம்ளர். இரண்டும் காலி. கட்டிலுக்கு அடியில் பாதி துணி அடுக்கிய சூட்கேஸ்.

இன்ஸ்பெக்டர் பென்சிலைக் கடித்தார்.

“டீச்சரம்மா... காலையில யாராவது வந்தாங்களா?”

“வந்தான் சார். இந்தப் பொண்ணோட புருஷன். ரொட்டி வண்டி ஓட்டுறவன். ஆறரைக்கு வந்தான். ஏழே காலுக்குப் படியில திடுதிடுன்னு இறங்கி ஓடினான். கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கலை!”

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் சட்டென்று எழுந்தான். கண் இரண்டும் கோவைப்பழம்.

“அவன்தான் சார்! டீயில எதையோ கலந்திருக்கான்! குடிச்சுட்டு வந்து அடிப்பான். நான்தான் அவளைக் கூட்டிட்டு வந்து இங்க வெச்சேன். இவ பயந்து எங்கயோ கிளம்பப் பார்த்திருக்கா, தெரிஞ்சுக்கிட்டு வந்து முடிச்சுட்டான் பாவி!”

“பதறாதீங்க...”

“எப்படி சார் பதறாம இருக்க முடியும்? இந்த வீட்டுக்கு முன்பணம் கொடுக்க அவ கையில இருந்த ஆறு வளையலையும் கழட்டிக் கொடுத்தா சார்! ‘அண்ணா, நீ முன்னுக்கு வா, அப்புறம் எனக்குப் பத்தாப் போடு’ன்னா. அவளைக் கொன்னவன் யாரா இருந்தாலும் எனக்கு வேணும். அவன் உள்ள போறதை என் கண்ணால பார்க்கணும். அதுவரைக்கும் எனக்குத் தண்ணிகூட இறங்காது!”

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார்.

“கண்டுபிடிச்சுத் தரேன்.”

அந்த வார்த்தையை ஏன் கொடுத்தோம் என்று அவர் மறுநாளே வருத்தப்படப் போகிறார். பாவம், அவருக்கு அப்போது தெரியாது.

*

ரொட்டிக்காரனைப் பிடிக்க ஓடவே வேண்டியிருக்கவில்லை. காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு, அவனே படியேறி வந்து மாட்டினான்!

ஸ்டேஷன். மதியம் இரண்டு மணி.

அவன் அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, அந்த அட்டைப்பெட்டியில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு விடாமல் தடவிக்கொண்டிருந்தான்.

“எதுக்குய்யா காலையில அப்படி ஓடின?” கான்ஸ்டபிள் அதட்டினார்.

“பெட்டி வாங்க சார். ஏழரைக்குள்ள போனாத்தான் கடைக்காரன் சும்மா கொடுப்பான். அவளோட சாமான் கட்டணுமே...”

“எங்க கொண்டு போக?”

“எங்க வீட்டுக்கு.”

அறைக்குள் நின்றிருந்த அண்ணன் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

“பொய்! அவ எதுக்குடா உன்கிட்ட வரணும்?”

“மச்சான்... நான் குடியை விட்டுப் பதினோரு மாசம் ஆச்சு. ஆறு மாசமா வாரா வாரம் பார்த்துப் பேசிட்டுத்தான் இருக்கோம். போன மாசமே வரேன்னு சொல்லிட்டா.”

“போன மாசமே சொன்னவ, அப்புறம் ஏன் வரலை? ஆங்?”

ரொட்டிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சொல்லித் தொலைடா!”

“உங்களுக்காகத்தான் மச்சான். ‘நான் கிளம்பிட்டா வீடு காலியாயிடும். அண்ணனுக்கு இதுதான் முதல் வீடு. ஒரு மாசம் காலியா கிடந்தா ஒரு வருஷம் பின்னாடி போயிடுவோம்னு அவனோட கிளாஸ்ல சொல்லியிருக்காங்களாம். வேற ஆள் பார்த்து வெச்சுட்டுத்தான் சொல்லுவேன்’னா. கடைசியில அவ கூட வேலை செய்யற பொண்ணுக்கே பேசி முடிச்சா. இன்னிக்கு சாயந்தரம் உங்ககிட்ட சொல்றதா இருந்தா...”

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. ஆனால் நெஞ்சு நம்பவில்லை.

“நல்லா கதை விடறான் சார்! விட்டுடாதீங்க!”

“என்ன கிளாஸ் அது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

கான்ஸ்டபிள் முந்திக்கொண்டார். “கோடீஸ்வர மாஸ்டர் கிளாஸ் சார்! வீடு வாங்கி வாடகைக்கு விட்டு, அதை வெச்சு அடுத்த வீடு, அதை வெச்சு அதுக்கடுத்த வீடு... இருபது வருஷத்துல பத்து வீடு! நானே சேரலாம்னு படிவம் வாங்கி வெச்சிருக்கேன்.”

“இருபது வருஷமா? அதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆகிடுவீங்க.”

“அதான் சார், அப்போ பத்து வீட்டு வாசல்லயும் நானே வாட்ச்மேன்!”

யாரும் சிரிக்கவில்லை. கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போனார்.

*

மறுநாள் காலை. போஸ்ட்மார்ட்டம் டாக்டரிடமிருந்து போன்.

“இன்ஸ்பெக்டர், டம்ளர்ல விஷமும் இல்லை, வயித்துல விஷமும் இல்லை.”

“அப்போ?”

“ரத்தத்துல இருக்கு. கார்பன் மோனாக்சைட். காத்தோட்டம் இல்லாத இடத்துல நெருப்பு எரிஞ்சா வர்ற விஷக்காத்து. புகையும் இருக்காது, வாசனையும் இருக்காது. லேசா தலை சுத்தும், அவ்வளவுதான்... ஆளைத் தூங்க வெச்சுட்டுப் போயிடும். முகம் சிவந்தது அதனாலதான். அந்தக் குளியலறையைப் போய்ப் பாருங்க.”

இருபது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் அந்த ஃப்ளாட்டில் நின்றார். கான்ஸ்டபிள், அண்ணன், ரொட்டிக்காரன், மூன்று பேரும் கூட.

குளியலறை, ஓட்டல் அறை மாதிரி மின்னியது. தரையிலிருந்து கூரை வரை வெள்ளை டைல்ஸ். மூலையில் புத்தம் புது கேஸ் ஹீட்டர்.

இன்ஸ்பெக்டர் நாலு சுவரையும் பார்த்தார். மறுபடி பார்த்தார். பென்சில் வாயிலேயே நின்றது.

“நீங்க கதவை உடைச்சப்போ ஹீட்டர் எரிஞ்சிட்டு இருந்துதா?”

“ஆமா சார். நான்தான் குழாயை மூடினேன். உடனே அணைஞ்சுது.”

“எப்போ மாட்டினது?”

“முந்தாநாள் சாயந்தரம் சார். குளிருது, வெந்நீர் இல்லாம கஷ்டப்படறான்னு வாங்கிப் போட்டேன். முதல் தடவையா நேத்திக்குத்தான்...”

“டைல்ஸ்?”

“நானே ஒட்டினேன் சார். ஒரு வாரம், வேலை முடிஞ்சு வந்து வந்து ஒட்டினேன். கூலி மிச்சம்னு மாஸ்டர் சொல்வார். குளியலறையைப் பார்த்துத்தான் ஆள் வீட்டுக்கு மயங்குவான்னும் சொல்வார். வேலைக்கு முன்னால ஒண்ணு, வேலைக்குப் பின்னால ஒண்ணு போட்டோ எடுத்து எங்க குரூப்புல போடணும். என்னுதுதான் மாடல்னு நேத்திக்கு மாஸ்டரே பாராட்டினார். அதைச் சொல்லத்தான் சார் நேத்திக்குக் காலையில அவளுக்குப் போன் பண்ணினேன்...”

“அந்தப் போட்டோவைக் காட்டுங்க.”

அண்ணன் போனை நீட்டினான்.

முதல் போட்டோ. அழுக்குச் சுவர். காரை பெயர்ந்த மூலை. கூரைக்கு ஒரு முழம் கீழே, கண்ணாடிப் பட்டைகள் உடைந்த ஒரு சின்ன ஜன்னல். ஒரு புறா அதில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது போட்டோ. வெள்ளை டைல்ஸ். வெள்ளை டைல்ஸ். வெள்ளை டைல்ஸ்.

கீழே இருநூறு பேர் கைதட்டியிருந்தார்கள்.

“ஜன்னல் எங்க?” இன்ஸ்பெக்டரின் குரல் தணிந்திருந்தது.

“அது... உடைஞ்சு அசிங்கமா இருந்துது. புறா வேற எச்சம் போட்டுது. அதான் செங்கல் வெச்சு அடைச்சு மேல...”

அண்ணன் பாதியில் நின்றான்.

ஹீட்டரைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். போனைப் பார்த்தான்.

“நீங்க லிஃப்ட் மெக்கானிக்,” என்றார் இன்ஸ்பெக்டர். சொல்லவே அவருக்குப் பிடிக்கவில்லை. “கூண்டுக்குள்ள காத்து போகுதான்னு தினமும் பார்க்கறவர்.”

“தினமும் பார்ப்பேன் சார்... மேல நாலு ஓட்டை, கீழ நாலு ஓட்டை... விரலை விட்டுப் பார்ப்பேன்... அதுக்கு அப்புறம்தான் கையெழுத்தே போடுவேன்... அய்யோ... குட்டி... அய்யோ, நானா!”

தரையில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டான். அவன் கையைப் பிடித்துத் தடுத்தது யார் தெரியுமா? ரொட்டிக்காரன்! ஒரு நாள் முழுக்க யாரைக் கொலைகாரன் என்று அவன் கத்தினானோ, அதே ஆள். அந்த ஆளும் இப்போதுதான் முதல் தடவையாக அழுதான். இரண்டு ஆண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அழுவதைப் பார்க்க முடியாமல் இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மச்சான்... விடுங்க மச்சான்... வெந்நீர் வருதுன்னு அவ எவ்வளவு சந்தோஷப்பட்டா தெரியுமா? ‘போகப் போற நேரத்துல போட்டிருக்கான் பாரு, எங்கண்ணன் கிறுக்கன்’னு சிரிச்சா...”

டிங் டாங்!

வாசலில் ஓர் இளம் ஜோடி. அந்தப் பெண் கையில் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

“வீடு வாடகைக்குன்னு அக்கா சொன்னாங்க. இன்னிக்கு வந்து பார்க்கச் சொன்னாங்க. நான் ரெண்டு நாளா கடைக்கு லீவு... அக்கா இல்லையா?”

வாசலருகே நின்ற கான்ஸ்டபிள் ஒதுங்கினார். அவள் அதை உள்ளே வரச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். திறந்திருந்த குளியலறையை எட்டிப் பார்த்தாள்.

“ஹை! எவ்வளவு அழகா இருக்கு! இந்த வீட்டையே முடிச்சுடலாங்க!”

அண்ணன் எழுந்தான்.

நேராகப் போய், நேற்று அங்கேயே போட்டுவிட்டுப் போன தன் பையிலிருந்து சுத்தியலை எடுத்தான். குளியலறைக்குள் நுழைந்தான். கூரைக்கு ஒரு முழம் கீழே, ஓங்கி...

மடேர்!

“சார்! சாட்சியத்தை உடைக்கறான் சார்!” கான்ஸ்டபிள் பதறினார்.

“போட்டோ இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“அப்போ உடைக்கட்டும்.”

மடேர்! மடேர்! டைல்ஸ் தெறித்தது. செங்கல் சரிந்தது. வெளிச்சமும் குளிர்ந்த காற்றும் சேர்ந்து உள்ளே வந்தன.

அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான்.

“கண்டுபிடிச்சுத் தரேன்னு சொன்னீங்களே சார். கண்டுபிடிச்சுட்டீங்க. கூட்டிட்டுப் போங்க.”

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுக்கவில்லை. அவன் தோளை அணைத்துக் கீழே அழைத்துப் போய் ஜீப்பில் ஏற்றினார். ரொட்டிக்காரனும் கேட்காமலே பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

கான்ஸ்டபிள் சட்டைப் பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்து, நாலாகக் கிழித்தார்.

“என்ன, பத்து வீடு வேண்டாமா?” இன்ஸ்பெக்டர் கேட்டார்.

கான்ஸ்டபிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வேண்டாம் சார். எங்க வீட்டு ஓனர் மகா கஞ்சன். உடைஞ்ச குளியலறை ஜன்னலைப் பதினாலு வருஷமா சரி பண்ணலை. தினமும் நடுங்கிக்கிட்டே குளிச்சு, அவனைத் திட்டிட்டுத்தான் டியூட்டிக்கு வரேன்... இன்னிக்குப் போய் அந்த மகராசன் கையைப் பிடிச்சு ஒரு கும்பிடு போடணும்!”