கட்டிலடியில் ஒரு ஜோடிச் செருப்பு

வெளிக்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் அம்மா அவசரமாகக் கால்களைத் தொங்கவிட்டுச் செருப்பைத் தேடினாள். கட்டிலின் ஓரத்திலேயே, கால் எட்டும் தூரத்தில் இருந்தது. நல்லவேளை. இடுப்பு மூட்டை மாற்றி வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது ஆஸ்பத்திரியில் சொன்ன 'கூடாது'களுக்குக் கணக்கே இல்லை. குனியக் கூடாது, தாழ்ந்த நாற்காலியில் உட்காரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது. கீழே விழுந்த கைக்குட்டையை எடுக்கக்கூட நீளமான இடுக்கி ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள். அவள் வாழ்க்கையில் இதற்கு முன் யாரும் அவளைப் பார்த்து இத்தனை வேலை செய்யக் கூடாது என்று சொன்னதில்லை.

அதே தாழ்ப்பாள் சத்தம் சமையலறையிலும் கேட்டிருக்க வேண்டும். மருமகள் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்படி வழியாக மாடிக்குப் போய்விட்டாள். மகள் வரும் நேரமும் மருமகள் துணி காயப்போடும் நேரமும் ஒன்றாகிப் போனது தற்செயல் இல்லை. கொஞ்ச நாளாகவே அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. காரணம், அம்மாவின் கால்.

அறுவை முடிந்து எழுந்து நின்றபோது வலது கால் இடது காலைவிட நீளமாகிவிட்டது போல் அம்மாவுக்கு இருந்தது. நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். அறுவை செய்த டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "கால் ரெண்டும் சரியாத்தான் இருக்கு. இத்தனை வருஷமா வலிக்குப் பயந்து பயந்து நடந்ததுல சதை இறுகிப் போயிருக்கு, அதான் அப்படித் தெரியுது. பயிற்சி பண்ணுங்க, நடங்க, தானா சரியாகும்" என்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் மகளுக்கு 'தானா சரியாகும்' என்ற பேச்சே ஆகாது. அவள் அம்மாவை இன்னொரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் நாடாவால் இரண்டு காலையும் அளந்து பார்த்து, வலது கால் நீளம்தான் என்றார். இடது செருப்புக்கு மட்டும் அடி உயர்த்திப் போட்டுக்கொள்ள வேண்டும், பயிற்சியை நிறுத்திவிட்டு ஓய்வாக இருக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து வீட்டில் முதலாமவருக்குக் கத்தி டாக்டர் என்றும் இரண்டாமவருக்குச் செருப்பு டாக்டர் என்றும் பெயர் விழுந்தது. மருமகள் கத்தி டாக்டர் கட்சி. மகள் செருப்பு டாக்டர் கட்சி.

அம்மா இரண்டு கட்சியிலும் இருந்தாள்.

காலையிலும் மாலையிலும் மகள் வரும்போது செருப்பு. அவள் படி இறங்கியதும் அதைக் கழற்றி, வாக்கரின் காலாலேயே கட்டிலுக்கடியில் உள்ளே தள்ளிவிடுவாள். பிறகு மருமகள் வருவாள். சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சி, கூடத்தில் வெறுங்காலோடு நடை. மகளிடம், "பயிற்சியெல்லாம் விட்டாச்சு பாப்பா." மருமகளிடம், "அந்தச் செருப்ப நான் தொடுறதே இல்லம்மா." இரண்டு பேரிடமும், "நல்லா இருக்கு."

நல்லா இருக்கு என்ற ஒற்றைச் சொல்லில்தான் அவள் குடும்பத்தையே ஓட்டியிருந்தாள். கணவன் போன பிறகு அச்சகத்தில் பக்கம் மடிக்கும் பிரிவில் நின்றபடியே வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். இடுப்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசிய காலத்திலும், கேட்டவர்களிடமெல்லாம் நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னாள். அப்படிச் சொன்னால் வீட்டில் சண்டை வராது, யாருக்கும் முகம் வாடாது. அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்திருந்தாள்.

"எழுந்திரும்மா, கூடம் வரைக்கும் நடந்து காட்டு" என்றபடி மகள் உள்ளே வந்தாள். தோளில் பள்ளிக்கூடப் பை. "செருப்பு பழகிடுச்சா?"

"பழகிடுச்சு பாப்பா. நல்லா இருக்கு."

வாக்கரைப் பிடித்து எழுந்தாள். ஓரிரு அடிதான் வைத்திருப்பாள். முதுகின் அடியில் யாரோ கம்பியைச் சொருகி முறுக்கியது போல் ஒரு வலி. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மகள் பையை வீசிவிட்டுப் பாய்ந்து பிடித்திராவிட்டால் விழுந்திருப்பாள்.

மகள் அவளைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தாள். "எவ்வளவு நாளா இப்படி வலிக்குது?"

"இப்பத்தான்…"

"பொய் சொல்லாதம்மா. அண்ணி இன்னும் உன்னப் பயிற்சி பண்ண வைக்கிறாங்களா?"

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் மருமகள் மாட்டிக்கொள்வாள். இரண்டையும் செய்கிறேன் என்ற உண்மையைச் சொல்லவோ நாக்கு எழவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மகளுக்கு அதுவே பதிலாகப் போய்விட்டது.

"அண்ணி, கொஞ்சம் கீழ வாங்க."

குரல் கேட்டு முதலில் வந்தவன் மகன். ராத்திரி முழுக்கப் பஸ் ஓட்டிவிட்டு வந்து அப்போதுதான் படுத்திருந்தான். பின்னாலேயே மருமகள், ஈரக்கையைத் துடைத்தபடி.

"வேண்டாம்னு சொன்ன பயிற்சிய எதுக்கு அண்ணி பண்ண வைக்கிறீங்க? பாருங்க… நிக்கக்கூட முடியல அவங்களால."

"ஆபரேஷன் பண்ண டாக்டர் பண்ணச் சொன்னாரு பாப்பா."

"அவர் சொல்றது உங்களுக்கு வசதி. அம்மா சீக்கிரம் எழுந்து நடமாடிட்டா நீங்க மிஷின்ல போய் உக்காந்துடலாம். அதானே?"

கூடத்து மூலையில் அந்தத் தையல் மிஷின் இருந்தது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மருமகள் அதன்மேல் போர்த்திய துணியை இன்றுவரை எடுக்கவில்லை. காத்திருந்து பார்த்த வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு கடை தேடிப் போய்விட்டார்கள். இது மகளுக்குத் தெரியாததில்லை. கோபம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும், அவ்வளவுதான்.

மருமகள் ஓரடி முன்னால் வந்தாள். ஏதோ சொல்ல வந்தவள், அம்மாவின் குனிந்த தலையைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள்.

"நான் ஏதாவது தப்பாப் பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பெல்லாம் எங்கம்மா முதுக சரி பண்ணிடாது அண்ணி. அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். இனிமே இந்த வீட்டுல விட மாட்டேன்."

மகன் கண்ணைக் கசக்கினான். இரண்டு பெண்கள் சண்டை போட்டால் எந்தப் பக்கம் குறைவாகச் சத்தம் வருகிறதோ அந்தப் பக்கத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வது அவன் வழக்கம். "நீயும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்ல?" என்றான் மனைவியிடம். "கொஞ்ச நாள் அம்மா பாப்பா வீட்டுல இருக்கட்டும். எல்லாருக்கும் நிம்மதி."

"நீங்களுமாங்க?" என்றாள் அவள். அலமாரியிலிருந்து பையை எடுத்து, அம்மாவின் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினாள்.

அம்மா தலை நிமிராமல் அந்தப் பையைப் பார்த்தாள். இப்போது இந்த வாசலைத் தாண்டினால் அவ்வளவுதான், இரண்டு வீடும் இரண்டு வீடுதான். மருமகள் மேல் விழுந்த பழி விழுந்ததாகவே இருக்கும். சொல்லிவிடலாம். சொன்னால் மகள் முகம் எப்படிப் போகும்… மகளுக்காகப் பேசாமல் இருப்பதா, மருமகளுக்காகப் பேசுவதா? வழக்கம்போல் அவள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

மருமகள் மாத்திரைகளை வைத்தாள். இடுக்கியை வைத்தாள். இரவில் முழங்கால்களுக்கு நடுவே வைத்துப் படுக்கும் தலையணையை வைத்தாள். கடைசியில் கட்டிலருகே குனிந்து, அம்மா உதறிவிட்டிருந்த செருப்புகளை எடுத்துத் துணியால் துடைத்துப் பையின் ஓரத்தில் செருகினாள்.

"பாப்பா, ஒண்ணு மட்டும்" என்றாள், முகத்தைப் பார்க்காமல். "ராத்திரி இந்தச் செருப்பு கட்டிலுக்கடியில உள்ள போயிடும். காலையில அத்தை எழுந்திருக்கறதுக்கு முன்னாடி எடுத்து ஓரமா வச்சிடணும். இல்லன்னா குனிஞ்சு எடுக்கப் பாப்பாங்க. குனிஞ்சா மூட்டு விலகிடும்னு சொல்லியிருக்காங்க."

அம்மா நிமிர்ந்தாள்.

ஒவ்வொரு முறையும் சுவர் வரை தள்ளிவிட்ட செருப்பு மறுபடி கட்டில் ஓரத்தில், கால் நுழைக்கத் தோதாக இருந்ததே… பெருக்கும்போது வெளியே வந்திருக்கும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்? இவளுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே, 'தொடுறதே இல்லம்மா' என்று சொன்னபோதெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். இப்போதும், இத்தனை பேச்சு கேட்ட பிறகும், வாயைத் திறக்கவில்லை.

"பைய கீழ வை" என்றாள் அம்மா.

"அத்தை…"

"வைன்னு சொல்றேன்ல." அந்தக் குரலை வீட்டில் யாரும் கேட்டதில்லை. மகன்கூட முழுதாக விழித்துக்கொண்டான். "பாப்பா, உங்க அண்ணி ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணேன். நீ இருக்கும்போது செருப்பப் போட்டுக்கிட்டேன். நீ போனதும் கழட்டித் தள்ளிட்டு, அவ சொன்னபடி வெறுங்கால்ல நடந்தேன். உங்கிட்ட ஒரு பொய், அவகிட்ட ஒரு பொய். ஒரு வேளைக்கு ஒசரம், ஒரு வேளைக்குத் தாழ்வுன்னு ஆடினா முதுகு எப்படித் தாங்கும்?"

மகள் பையின் ஓரத்திலிருந்த செருப்பைப் பார்த்தாள். "ஏம்மா? எனக்குப் பயந்தா?"

"பயம் இல்லடி. நீ ஆசையா வாங்கிட்டு வந்த. போடலன்னா உன் முகம் வாடும். போட்டா அவ முகம் வாடும். நான் யார் முகத்தப் பாக்குறது?" அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மருமகள் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சும் ஏன் சொல்லல நீ? இத்தனை பேச்சும் உனக்கெதுக்கு?"

மருமகள் பையைக் கீழே வைத்தாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன் அத்தை."

அந்த வார்த்தை அடித்தது போல் அம்மா அவளைப் பிடித்து இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். குனியக் கூடாது என்பதால் முகத்தை முகத்தோடு சேர்க்க முடியவில்லை. அவள் தலையைத்தான் தடவ முடிந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை மருமகளுக்கு அங்கேதான் வெடித்தது.

மகள் கட்டிலின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ராத்திரி கூட இருந்தது அண்ணி. குளிக்க வைக்கறது அண்ணி, எல்லாம் அண்ணி. எனக்குன்னு பண்றதுக்கு என்னம்மா இருந்துச்சு? அந்தச் செருப்பு ஒண்ணுதான…" சொல்லி முடிக்க முடியாமல் அம்மாவின் முந்தானையைத் தேடி, கிடைக்காமல், அவள் நைட்டியின் கையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மருமகள் பக்கம் மெல்லக் கையை நீட்டி, "அண்ணி… மிஷின் பத்திச் சொன்னேனே, அதைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"கூடாதுதான்" என்றாள் மருமகள். ஆனால் நீட்டிய கையைத் தட்டிவிடவில்லை.

அன்றே மூவரும் கத்தி டாக்டரிடம் போனார்கள். மகன் தூங்காமல் கூட வந்தான். வழியில் மனைவியிடம் ஏதோ சொல்லத் தொடங்கினான். "அப்புறம் பேசிக்கலாங்க" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்போ நான் சொன்னதும் சரியாப் பண்ணல, அவர் சொன்னதும் சரியாப் பண்ணல. யார் சொன்னது சரின்னு எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நாள் செருப்பு இல்லாம, பயிற்சிய மட்டும் விடாமப் பண்ணிப் பாருங்க. அதுக்கப்புறமும் சாய்ஞ்சீங்கன்னா அவர் சொன்ன செருப்ப நானே போடச் சொல்றேன்."

"முதுகு வலி போயிடுமா டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"போகலாம். போகாமலும் இருக்கலாம். உங்கம்மா உண்மையச் சொன்னாத்தான் அதுவும் தெரியும்."

வீடு திரும்பும்போது வெயில் இறங்கியிருந்தது. வாசல் படிக்கட்டு எதிரே வாடகைக் காரை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் மருமகள். நல்ல காலை முதலில் வைத்து ஏறச் சொல்லியிருந்தார்கள். இடது காலை வைத்தாள், வலது காலை இழுத்துச் சேர்த்தாள். பாதிப் படியில் அந்தக் கம்பி மறுபடி முறுக்கியது. நின்றுவிட்டாள்.

"வலிக்குதாம்மா?" என்றாள் மகள்.

நல்லா இருக்கு என்ற சொல் பழக்கத்தில் தொண்டை வரை வந்தது. அம்மா அதை நிறுத்தினாள்.

"வலிக்குது" என்றாள். "ரொம்ப வலிக்குது."

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர்கள் கேட்டதே இல்லை. இருவரும் அவளை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். வலி குறையும்வரை மூவரும் அந்தப் படியிலேயே நின்றார்கள்.