பச்சைப் பலகைக்குக் கீழே

பலகைக்குக் கீழே தரை குழிந்திருந்தது. லீமா நகரத்தில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் கண்ணில் படுகிற பலகைதான்: பச்சை நிறம், நடுவே வெள்ளையாகப் பெரிய 'எஸ்', நிலம் ஆடினால் இங்கே வந்து நில்லுங்கள் என்று பொருள். பலகை என்னவோ போன மாதம் மாட்டியதுபோலப் பளபளத்தது. கீழேயிருந்த சலவைக்கல் மட்டும் பாதம் பாதமாகத் தேய்ந்து, யார் யாரோ அங்கேயே வருஷக்கணக்கில் நின்றதுபோல வழவழவென்று கிடந்தது. இவ்வளவு பெரிய ஓட்டலில் இந்தக் கல்லை மாற்ற ஆளில்லையா என்று முதல் நாள் அறைக்குப் போகும்போதே ஃபியோரெல்லா முகத்தைச் சுளித்தாள்.

மகள் மிக்காயேலாவின் எட்டாவது பிறந்தநாள். தலைநகரத்தை ராணிமாதிரி சுற்றிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்து அரேக்கிப்பாவிலிருந்து விமானத்தில் அழைத்து வந்திருந்தாள். கடலோரப் பாராங்கோ பகுதியில், சர்க்கரை ஆலை முதலாளி எவனோ கட்டிய மாளிகை இப்போது ஓட்டலாகியிருந்தது. மாடிக்கு மாடி தனிப் பணியாள், சிங்கக் கால் வைத்த குளியல் தொட்டி, தலையணையில் சாக்லேட். வெளியே லீமாவின் குளிர்கால வானம் வழக்கம்போலக் கழுதை வயிற்றுச் சாம்பல் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, வெந்நீர் இருந்தது.

காலையில் மகள் பசிக்கிறது என்று தோட்டத்துக்கு ஓடிவிட்டாள். ஃபியோரெல்லா கழுத்துவரை நுரைக்குள் அமிழ்ந்து கண்ணை மூடியபோது ஊரே அலறுவதுபோலச் சங்கு ஊதியது. கதவு தட்டப்பட்டது. மாடிப் பணியாள் எவாரிஸ்தோ.

"சென்யோரா, ஊர் முழுக்க நிலநடுக்க ஒத்திகைங்க. கொஞ்ச நேரம் வெளியே வந்து நின்னுடுங்க. நான் விசில் அடிச்சதும் போயிடலாம்."

"ஒத்திகையா? ஏம்ப்பா, நான் அரேக்கிப்பாக்காரி. எங்க வீட்டுக்குப் பின்னாடி எரிமலையே நிக்குது. உங்க ஊர் ஆட்டமெல்லாம் எங்களுக்குத் தாலாட்டு."

"தெரியுங்க. ஆனா எல்லாரும் வந்து நின்னாச்சு. உங்க இடம்தான் காலியா இருக்கு."

"என் பொண்ணு?"

"பாப்பா பால்கனிக்குக் கீழே உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிடுது. அதை எதுக்குங்க எழுப்பிக்கிட்டு?"

முணுமுணுத்துக்கொண்டே துவாலை அங்கியைச் சுற்றிக்கொண்டு, தலையில் நீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தாள். நடையில், அந்தப் பச்சைப் பலகைக்குக் கீழே, நான்கைந்து பேர் சுவரில் முதுகு பதித்து நின்றுகொண்டிருந்தார்கள். தொப்பி வைத்த பெரியவர், ரோமக் காலர் அணிந்த பெண், இன்னும் சிலர். நடுவில் ஓர் ஆள் நிற்க மட்டும் இடம். அவள் போய் நின்றாள். பாதங்கள் கல்லின் குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தன, உள்ளே கல் சில்லிட்டிருந்தது.

எதிரே வளைவு சன்னல் வழியாக உள்தோட்டம் தெரிந்தது. கல் பால்கனியின் நிழலில் மிக்காயேலா காலை ஆட்டிக்கொண்டு லூக்குமா பழ ஐஸ்கிரீமை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். எவாரிஸ்தோ படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. சங்கு நின்றது. கடல் மூடுபனியின் உப்பும் மெழுகுத் தரையின் வாடையும் கலந்து வந்தன. அதற்கும் அடியில், முதுகுக்குப் பின்னாலிருந்து, நாணலும் மண்ணும் குழைத்துக் கட்டிய பழஞ்சுவர் நனைந்தால் வருமே, அந்தப் புழுங்கல் நாற்றம்.

விசில் வரவில்லை.

"லீமாக்காரங்களுக்கு நடுங்குறதுக்கும் மேலிடத்து உத்தரவு வேணும் போல" என்றாள், சிரித்தபடி. யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் கவனித்தாள். பெரியவரின் தொப்பி விளிம்பில் சுண்ணாம்புத் தூசி விரற்கடை உயரத்துக்குப் படிந்திருந்தது. ரோமக் காலரில் சிலந்தி வலை. அது அந்தப் பெண்ணின் காதுவரை ஓடி, பின்னால் சுவரில் ஒட்டியிருந்தது.

போதும்டா சாமி என்று காலைத் தூக்கினாள்.

தரை உறுமியது. அந்த உறுமல் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்; ஆட்டத்துக்கு முன்னால் மண்ணுக்கு அடியிலிருந்து வயிற்றுக்குள் ஏறி வருகிற சத்தம். கீழே பால்கனியின் ஓரத்தில் வெடிப்பு ஓடியது. காரைத் துண்டு மிக்காயேலாவின் மேசையில் விழுந்தது. குழந்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மிக்கா!"

கத்தக் கத்தப் பால்கனி சரிந்தது. அவள் பதறிக் காலைக் குழிக்குள் வைத்தாள், வாயை மூடினாள். உடனே எல்லாம் நின்றது. மெல்ல மெல்ல அடங்காமல், விளக்கை அணைத்ததுபோல. அவள் பார்த்த எந்த நடுக்கமும் அப்படி நின்றதில்லை.

மறுபடியும் குதிகாலை மட்டும் உயர்த்தினாள். பால்கனி ஒரு சாண் இறங்கியது.

"அசையாதடி." ரோமக் காலர் பெண்ணின் குரல். உதடு அசையவேயில்லை. "நீ அசைஞ்சா உன்னோடது. நான் அசைஞ்சா என்னோடது. என் பையன் அதோ ஊஞ்சல்ல இருக்கான்."

ஃபியோரெல்லா கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தாள். தோட்டத்தில் ஊஞ்சல் எதுவும் இல்லை.

அவள் நின்றாள். ஆடுசதை இழுத்துப் பிடித்தது. தலையிலிருந்து நீர்த்துளி மூக்கில் இறங்கி அரித்தது. துடைக்கவில்லை. மூச்சைப் பெரிதாக இழுத்தாலும் தரை முனகியது. சின்னச் சின்னதாக இழுத்தாள். அங்கி உடம்பிலேயே காய்ந்தது. கீழே ஐஸ்கிரீம் உருகிவிட்டது. எழுந்திரு கண்ணு. அந்த இடத்தைவிட்டு எழுந்திரு. எங்கேயாவது ஓடு. வாய் திறக்காமல் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மிக்காயேலா எழுந்தாள்.

நாற்காலியைத் தள்ளினாள். நிழலைவிட்டு வெளியே வந்தாள். ஃபியோரெல்லாவுக்கு அழுகை முட்டியது. படியில் தடதடவென்று சின்னக் காலடிகள்.

"மம்மா! விசில் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு! எல்லாரும் போயாச்சு. நீ மட்டும் ஏன் தனியா நிக்கிறே?"

தனியாகவா? இடதுபக்கம் ரோமக் காலர் அவள் தோளில் உரசிக்கொண்டிருந்தது.

காலைத் தூக்கினாள். உறுமல் இல்லை. இன்னொரு கால். இல்லை. கீழே பால்கனி அப்படியே நின்றது. அதன் கீழே யாருமில்லை. ஃபியோரெல்லா சிரித்தாள், விக்கி விக்கிச் சிரித்தாள். "வாடி தங்கம், ஊருக்கே போயிடலாம்" என்று கையை நீட்டித் திரும்பினாள்.

மிக்காயேலா அம்மா நின்ற குழியில் போய் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, முதுகைச் சுவரில் ஒட்டி, கைகளைப் பக்கவாட்டில் வைத்து.

"பார் மம்மா, நானும் நின்னுட்டேன்."

"வெளியே வா! வந்துடுடி!"

கையைப் பிடித்து இழுத்தாள். சின்னக் குதிகால் குழியிலிருந்து எழும்பியது.

தரை உறுமியது. ஃபியோரெல்லாவின் தலைக்கு மேலே உத்தரம் படீரென்று பிளந்தது.

மிக்காயேலா அண்ணாந்து பார்த்தாள். குழந்தையின் காதோரம் மெல்ல அந்த ரோமக் காலர் பெண்ணின் குரல்: "நீ அசைஞ்சா உன்னோடது."

குழந்தை காலைக் கீழே வைத்தாள். உறுமல் நின்றது.

"நீ போ மம்மா. நான் அசையல."

"விழட்டும்டி! என் தலையிலேயே விழட்டும்! நீ வந்துடு!"

இரண்டு கையாலும் இழுத்தாள். முழங்காலிட்டு இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். சுவர் விடவில்லை. காலில் விழுந்து கெஞ்சினாள், திட்டினாள், செல்லப்பெயரெல்லாம் சொல்லி அழைத்தாள். மகளின் விரல்கள் அவள் கைக்குள் சில்லிட்டுக்கொண்டே போயின.

"போ மம்மா." உதடு அசையவில்லை.

உத்தரத்தின் பிளவிலிருந்து சுண்ணாம்புத் தூசி உதிர்ந்தது. மிக்காயேலாவின் முடியில் விழுந்தது. நெற்றியில் விழுந்தது. திறந்திருந்த கண்களுக்குள் விழுந்தது. அவள் இமைக்கவில்லை.