பாதியில் நிறுத்திய வாக்கியம்

நாற்காலி சூடாக இருந்தது.

மதியம் ஒன்று ஐந்துக்கு, கழுத்துக் கயிற்றில் கிடந்த சாவியால் அறையைத் திறந்து, விளக்கைப் போட்டு, வழக்கம்போல உட்கார்ந்தவள் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டாள். அந்த அறையின் ஒற்றை ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. அதையும் அவள் ஆண்டுக்கணக்காகச் சாத்தியே வைத்திருந்தாள். வெயில் எட்டிப் பார்க்க வழியே கிடையாது. குனிந்து பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்து அப்போதுதான் எழுந்து போன சூடு.

"யாரு வந்தது என் ரூமுக்கு?" என்று காலி வீட்டைப் பார்த்துக் கத்தினாள். கணவன் மருந்துக்கடையில் இருந்தான். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அடுக்களைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. வராமல் என்ன செய்யும்? பன்னிரண்டு வருடம் சண்டை போட்டு வாங்கிய அறை அது. பழைய சாமான் போட்டு வைத்திருந்த அந்த மூலையைக் காலி செய்ய ஒரு வருடம் ஆனது. ஒன்றிலிருந்து நாலு வரை யாரும் கூப்பிடக்கூடாது என்பதை வீட்டுக்குப் புரியவைக்க இன்னும் மூன்று வருடம் ஆனது. சுவரைப் பார்த்த மேசை, கோடு போடாத தாள், கருநீல மை, முழங்கை கிழிந்த அதே பழுப்பு ஸ்வெட்டர், ஒரு டம்ளர் தண்ணீர். கைபேசி அடுக்களையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால். இதில் ஒன்று குறைந்தாலும் அவளுக்கு ஒரு வரி ஓடாது. "ராக்கெட் விடுறவங்ககூட இவ்வளவு ஏற்பாடு பண்ண மாட்டாங்க" என்று கணவன் கேலி செய்வான். செய்யட்டும். அந்த ஏற்பாட்டில்தான் இரண்டு புத்தகம் வந்திருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு. நாலு மணி அடித்ததும், எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை அப்படியே பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவாள். எழுவாய் இருக்கும், பயனிலை இருக்காது. அந்தப் பாதி வாக்கியம் ராத்திரி முழுக்க மனசுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். மறுநாள் பேனாவைத் தொட்டதும் மீதி தானாக வந்து விழும்.

நேற்று விட்டுப்போன வரி: வீட்டுக்காரி உள்ளே வந்து உட்கார்ந்தபோது நாற்காலி

தாளைப் பார்த்தாள். வாக்கியம் முடிந்திருந்தது.

வீட்டுக்காரி உள்ளே வந்து உட்கார்ந்தபோது நாற்காலி சூடாக இருந்தது.

அவள் மை. அவள் கையெழுத்து.

அன்று சாயங்காலம் வீடு ரணகளமானது.

"விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு" என்று கணவன் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள். "என் பேப்பர்ல கை வைக்க யார் சொன்னா?"

"உன் பூட்டு, உன் சாவி, உன் கையெழுத்து. இதுல நான் எங்கேருந்து வந்தேன்?"

"நீங்க இல்லாம பின்ன யாரு? ஒன்பது வயசுப் பிள்ளையா இப்படி எழுதும்?"

"நீயே எழுதி மறந்திருப்பே. மூணு மணி நேரம் மூச்சு விடாம உட்கார்ந்தா மூளை குழம்பாதா?" அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு எரிந்தது. மகள் சிட்டு கதவுக்குப் பின்னால் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் பூட்டை மாற்றினாள். இரண்டு சாவியில் ஒன்றை மட்டும் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். மற்றொன்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாக்கடையில் போட்டாள். அன்று நாலு மணிக்கு, டம்ளரில் இருந்த தண்ணீர், என்று எழுதி நிறுத்தினாள். அடுத்த நாள் அதோடு பாதி காலியாகியிருந்தது என்று சேர்ந்திருந்தது. டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். முழுசாக நிரப்பி வைத்தது. பாதிதான் இருந்தது. விளிம்பில் உதட்டு ஈரம்.

அதற்கடுத்த நாள், அவன் மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம், என்று விட்டாள். மறுநாள் அது, நெடுக விரிசல் விட்டது, என்று முடிந்திருந்தது. அன்று சாயங்காலம் கணவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். சும்மா மேசைமேல் வைத்த கண்ணாடியாம், தானாக விரிசல் விட்டதாம். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவளை அரித்தது வேறு. அந்த மூன்று முடிவுகளும் அவளுடையதைவிட நன்றாக இருந்தன. வீண்சொல் ஒன்றுகூட இல்லை. பதிப்பாளர், "இந்த மாசக் கடைசிக்குள்ள கதை கைக்கு வரலேன்னா, வெளியீட்டுப் பட்டியல்ல உங்க இடம் வேற ஆளுக்குப் போயிடும்மா" என்று சொல்லி வைத்திருந்த நேரத்தில், தன் அறையில், தன் நாற்காலியில், தன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எவனோ எவளோ தன்னைவிட நன்றாக எழுதுகிறார்கள். ஸ்வெட்டரிலும் இப்போது வேறொரு வாசனை. பழைய மையும், வெகுநாள் திறக்காத வாயும் கலந்த வாசனை.

பல்லைக் கடித்துக்கொண்டு அதையே போட்டுக்கொண்டாள். விட்டுக் கொடுக்கிற ஆள் இல்லை அவள்.

வியாழக்கிழமை மூன்று ஐம்பதுக்குக் கதவு தட்டப்பட்டது. டொக், டொக், டொக். சின்னக் கையின் மூன்று தட்டு. அப்போதுதான், ஒரு வாரத்தில் முதல்முறையாக, அவளுக்கே அவளுக்கென்று ஒரு நல்ல வரி வந்துகொண்டிருந்தது. அது போயே போய்விட்டது.

கதவைப் பிய்த்துக்கொண்டு திறந்தாள். "தட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

சிட்டு பள்ளிச் சீருடையில் நின்றாள். நீட்டிய உள்ளங்கையில் அரிசி அளவுக்கு ஒரு பால்பல். உதட்டோரம் ரத்தக் கோடு. "விழுந்துடுச்சும்மா. உன்கிட்டதான் முதல்ல காட்டணும்னு..."

"நாலு மணிக்குக் காட்டினா பல்லு ஓடியா போயிடும்? எல்லாரும் சேர்ந்து என் உயிரை எடுங்க!"

பிள்ளையின் கை மெல்ல மூடிக்கொண்டது. அவள் கதவை அறைந்து சாத்தினாள். உடம்பெல்லாம் கொதித்தது. பேனாவை எடுத்து, கதையாவது ஒன்றாவது, தாளைக் கிழிப்பதுபோல அழுத்தி எழுதினாள்:

இனி என் கதவைத் தட்டும் கை

கூடத்துக் கடிகாரம் நாலு அடித்தது.

பழக்கம் பாருங்கள். அத்தனை கோபத்திலும் பழக்கம் தப்பவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, பூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, அவள் காலைவேளையில் வேலை பார்க்கும் அச்சகத்தில், பிழைதிருத்தும் மேசையில், யாரோ எழுதிய சமையல் புத்தகத்தின் எழுபதாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. அச்சுக் கோப்பவர் ஒரு வரியை விட்டுவிட்டார். 'பாத்திரம்' என்பதோடு சரி. அதற்கப்புறம் வெள்ளை. அந்த வெள்ளையில் வைத்த சிவப்புப் பேனாவை அவள் எடுக்கவில்லை.

நாற்காலி. தண்ணீர். மூக்குக்கண்ணாடி.

மூன்றும் நடந்தது. தாளில் முடிந்தது எல்லாமே வீட்டிலும் முடிந்தது.

இனி என் கதவைத் தட்டும் கை.

அந்த வீட்டில் அவள் கதவைத் தட்டும் கை ஒன்றுதான் உண்டு. மணி பன்னிரண்டரை. பரவாயில்லை, சிட்டு மூன்றரைக்குத்தானே வருவாள், அதற்குள் போய் அந்த வரியைத் தானே முடித்துவிடலாம், நல்லதாக ஏதாவது...

"என்னக்கா, இன்னைக்கு ஸ்கூல் அரை நாள்தானே? என் பையன் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்" என்றாள், அவள் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்த அடுத்த மேசைக்காரி.

அவள் பையைக்கூட எடுக்கவில்லை. ஓடினாள். சிக்னலைப் பார்க்காமல் சாலையைக் கடந்தாள். ஒரு லாரிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினான். செருப்பு ஒன்று அறுந்தது. அதையும் விட்டுவிட்டு ஓடினாள். ஓட ஓடத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு பல். ஒரு பல்லைப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா, பாவி?

வாசலில் சின்ன ஷூக்கள் கிடந்தன.

வீடு சத்தமில்லாமல் இருந்தது. இல்லை. ஒரு சத்தம் இருந்தது. கரக், கரக் என்று தாளில் நிப்பு ஓடும் சத்தம். நடு வெயில் நேரம், ஜன்னலெல்லாம் திறந்து கிடந்த வீடு; நடைவழியில் மட்டும் அந்த வாசனை. பழைய மை. திறக்காத வாய்.

அறைக் கதவுக்கு முன்னால் சிட்டு நின்றாள். கை தூக்கியபடி.

"தட்டாதே!"

குழந்தை திரும்பினாள். முகம் வெளுத்தது. "நீ உள்ளே எழுதுறேன்னு நினைச்சேன். சத்தம் கேட்டுச்சே. அப்போ உள்ளே யாரும்மா?"

பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். உள்ளே நிப்புச் சத்தம் நின்றது.

காத்திருந்தது.

சாவியைப் போட்டாள். சுற்றியது. தள்ளினாள். கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்தத் தாழ்ப்பாளைப் பொருத்தச் சொல்லி அடம்பிடித்ததும் அவள்தான்.

"வாடி, வெளியே போயிடலாம், வா."

"அம்மா." சிட்டு அழ ஆரம்பித்தாள். "என் கை தானா போகுது."

போயிற்று. அவள் பிடிக்குள்ளேயே, இழுக்க இழுக்க, அந்த மெல்லிய மணிக்கட்டு மாட்டின் கழுத்துபோல முண்டியது. மூடிய சின்ன முட்டி கதவை நோக்கி நகர்ந்தது. ஒரு சாண். நாலு விரல். இரண்டு விரல்.

பாதி வாக்கியம். முடியாமல் விடாது. அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? இன்று இழுத்துப் பிடித்தால் நாளை. நாளை பிடித்தால் நாளன்றைக்கு. அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு கை தட்டும்வரை. ஏதோ ஒரு கை.

அவள் கோபம் அப்போது வந்தது. இத்தனை நாளும் வந்ததெல்லாம் கோபமே இல்லை என்னும்படி வந்தது. "என் பிள்ளையாடா உனக்குக் கேக்குது? என் ரூம்ல உட்கார்ந்துகிட்டு!"

மகளை இடது கையால் பின்னால் தள்ளினாள். வலது கையை, எழுதும் கையை, முட்டியாக மடக்கினாள்.

தட்டினாள். டொக். டொக். டொக்.

சிட்டுவின் கை துவண்டு விழுந்தது.

உள்ளே நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. வெறுங்கால் நாலு எட்டு வைத்தது. கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், அவளுடைய குரலே, அவளுடைய எரிச்சலோடு, ஒரு எழுத்து பிசகாமல் கத்தியது:

"தட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

கதவடியில் தாள் ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மை இன்னும் காயவில்லை.

இனி என் கதவைத் தட்டும் கை என்னுடையது.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. ஒரு சாண் இடைவெளி. அதற்குமேல் இல்லை. உள்ளே இருட்டு. அவள் பின்வாங்கினாள், கால் பின்வாங்கியது, இடுப்பு பின்வாங்கியது, வலது கை மட்டும் வரவில்லை. அது முன்னால் போயிற்று. விரல். மணிக்கட்டு. முழங்கை. இடது கையால் தோளைப் பிடித்து இழுத்தாள். கதவு முழங்கைக்கு மேலே வந்து மெதுவாக அழுந்தியது, வலிக்காமல்.

"அம்மா, வாம்மா, போயிடலாம்" என்று சிட்டு அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே யாரோ அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்கள். நடுவே பேனாவைச் செருகினார்கள். அது சூடாக இருந்தது.

கூடத்துக் கடிகாரம் ஒன்று அடித்தது.

அவள் பார்க்க முடியாத இருட்டில், அவள் கை எழுதத் தொடங்கியது.